ஐந்தாம் அறைச் சீட்டு

என் அக்கா முப்பத்தோரு வருஷம் பேயாக வேலை பார்த்தாள். வருஷத்துக்கு இரண்டு புடவை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு, எல்லாம் உண்டு. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நான் நடந்ததைச் சொல்கிறேன்.

மேட்டுத் தெருவின் கோடியில் அந்த வீடு இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மர வியாபாரி கட்டியது. கையில் இருந்த மரத்தையெல்லாம் அங்கேதான் கொட்டியிருக்க வேண்டும். மாடித் தரை முழுக்கப் பலகை. வாசலில் கட்டிய ஆண்டைப் பொறித்த பித்தளைத் தகடு, அதற்குக் கீழே விடுதியின் போர்டு. மாடியில் வரிசையாக ஏழு அறைகள். தங்கலாம், காலை உணவும் உண்டு, வேறெதுவும் கிடையாது. பழைய வீட்டில் படுத்து எழுந்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். நம் வீட்டுத் தரை சத்தம் போட்டால் தச்சனைக் கூப்பிடுவோம், அங்கே அதைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

அக்காதான் அங்கே சமையல், படுக்கை விரிப்பது, சாவிக்கொத்து, சகலமும். ஒவ்வொரு அறையிலும் ஒரு சீட்டும், கதவுக்கு வெளியே நூலில் கட்டிய பென்சிலும் இருக்கும். டீயா காபியா, சர்க்கரை எத்தனை ஸ்பூன், முட்டையை எப்படிப் போட வேண்டும், எத்தனை மணிக்கு என்று வந்தவர்கள் எழுதிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் படுக்க வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு அக்கா போய் எல்லாவற்றையும் எடுத்துவருவாள். யாரும் முழித்துவிடக் கூடாது என்று வெறுங்காலோடுதான் நடப்பாள். மூன்றாம் அறை வாசலில் ஒரு பலகை முனகும், அதைத் தாண்டித்தான் கால் வைப்பாள். ஒருமுறை திரை மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போனது. அதனால் அவள் நடைக்கு ஒரு கணக்கு உண்டு: இரண்டு எட்டு வேகமாக, மூன்றாவது இழுத்து. ஒவ்வொரு கதவிலும் நின்று, சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்து, ஒரு பெருமூச்சு விட்டு நகர்வாள். கீழே வந்ததும் சீட்டுகளை அறை வரிசைப்படி அடுக்கிச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைப்பாள்.

உள்ளே அரைத்தூக்கத்தில் கிடந்தவர்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? விருந்தினர் புத்தகத்தில் ஒருவர் எழுதினார்: "விடியலில் யாரோ என் கதவருகே வந்து நின்று பெருமூச்சு விட்டார்கள்." முதலாளி அதைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதமே நோட்டீஸில் அச்சடித்துவிட்டார், விடியலில் நடக்கும் பெண்மணி என்று. அறைகள் நிரம்ப ஆரம்பித்தன.

"அது நீங்கதான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார். மாட்டேன் என்ற வார்த்தையே அக்காவுக்கு வராது. தலையாட்டிவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உன்னைப் பேய்னு எழுதுறாங்க. நீ அவங்களுக்கே முட்டை அவிச்சுப் போடுறியா?"

"எழுதட்டும்டி. பயந்தவங்க நல்லா சாப்பிடுறாங்க."

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. விடுதியில் அடுக்களைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவாள். நான் தையல் கடை வைத்திருப்பவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கல்யாணமாகி தூரத்தில் இருக்கிறாள். அக்கா உள்ளே நுழைந்ததும் செய்கிற முதல் காரியம் என் கையிலிருந்து சர்க்கரை ஸ்பூனைப் பிடுங்குவது. "டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்பாள். அரை ஸ்பூன்தான் போடுவாள். "ஊருக்கெல்லாம் கேட்டுக் கேட்டுப் போடுற, எனக்கு மட்டும் கேக்காமப் பிடுங்குற" என்று நான் கத்துவேன். கத்தினாலும் உள்ளுக்குள் பிடிக்கும். என்னைத் திட்டுவதற்கு உலகத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை.

ஆறு வருஷமாகக் கூப்பிட்டேன். என்னோடு வந்து இரு, இருக்கிற நாளில் ஒன்றாக இருப்போம் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். எப்போதும் ஒரே பதில்தான். "நான் வந்துட்டா சீட்டை யாருடி எடுப்பா?"

கடைசியில் முழங்கால்தான் என் பக்கம் பேசியது. தினமும் மாடி ஏறி இறங்க முடியவில்லை. முதலாளியும் சீட்டு முறையை எடுத்துவிட்டு, எட்டு மணிக்கு எல்லாருக்கும் ஒரே மேஜை என்று மாற்றினார். ஏழு மணி பஸ்ஸில் வரும் ஒரு புது சமையல்காரியை வைத்தார். அக்காவை வழியனுப்ப, ஒரு நாள் விருந்தாளியாக அங்கே தங்கும்படி சொன்னார். துணைக்கு நானும். ஐந்தாம் அறை.

முப்பத்தோரு வருஷம் அந்தக் கட்டில்களை விரித்தவள் ஒரு நாளும் அதில் படுத்ததில்லை. அன்று சாயங்காலம் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு போர்வைச் சுருக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை இழுப்பறையில் பழைய சீட்டு ஒன்று கிடந்தது. எடுத்துக் கதவைத் திறந்து, வெளியே தொங்கிய பென்சிலால் உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதினாள்: டீ இரண்டு, ஒன்றில் சர்க்கரை அரை ஸ்பூன். கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள்.

"யாருக்கா வந்து எடுக்கப் போறாங்க?" என்று சிரித்தேன்.

கொக்கியைத் திரும்பிப் பார்த்தாள். "கைப்பழக்கம்" என்றாள். எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. "மாட்டியாச்சு. இருந்துட்டுப் போகட்டும்."

அன்று மாடியில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

ஜன்னல் வெளுக்கும் நேரத்துக்கு விழித்தேன். வெளியே நடைச் சத்தம் கேட்டது. இரண்டு எட்டு வேகமாக, மூன்றாவது இழுத்து. இன்றைக்குமா எழுந்து போய்விட்டாள் என்று கோபத்தோடு திரும்பினேன். அக்கா பக்கத்துக் கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கண் திறந்து படுத்திருந்தாள்.

"யாருக்கா அது?"

பேசாதே என்று கை காட்டினாள். "ரெண்டாம் அறை" என்றாள் மெதுவாக. பிறகு, "மூணு. பலகையைத் தாண்டுறா பாரு." பலகை முனகவில்லை. அந்தப் பலகையைத் தாண்ட வேண்டும் என்பது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. "நாலு" என்றாள்.

எங்கள் கதவருகே சத்தம் நின்றது. கொக்கியிலிருந்து சீட்டு உருவப்படுவது கேட்டது. ஒரு பெருமூச்சு. பிறகு நடை ஆறாம் அறைப் பக்கம் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகத்தில் பயமே இல்லை. பஸ்ஸில் ரொம்ப தூரம் நின்றுவந்தவளுக்கு இடம் கிடைத்ததுபோல இருந்தது அந்த முகம்.

"ஆள் வந்தாச்சு. இனி நான் போகலாம்" என்றாள்.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். இரண்டு முழங்காலும் மடங்கின. நான் அதைப் பார்த்தேன், ஆனால் அப்போது அதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. கீழே போனோம். சமையல்காரி இன்னும் வரவில்லை. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. எங்கள் சீட்டு சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருந்தது.

ஒரு பெட்டியோடு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓய்வு கிடைத்ததால்தான் கால் சரியாகிவிட்டது என்றார் டாக்டர். நம்பினேன், நம்பத்தான் ஆசை.

காலை எட்டு மணி வரை தூங்குவாள். உட்கார வைத்த இடத்தில் இருப்பாள். என்ன வேணும்க்கா என்றால், "எதுவா இருந்தாலும் பரவாயில்லை" என்பாள். தட்டு வைத்தால் ரொம்ப நன்றி என்பாள். கூடப் பிறந்தவளிடம் யார் நன்றி சொல்வார்கள்? வீட்டில் நடந்தால் சத்தமே வராது. தைத்துக்கொண்டிருக்கும்போது திரும்பினால் பின்னால் நிற்பாள், எப்போது வந்தாள் என்று தெரியாது.

ஒரு நாள் வேண்டுமென்றே அவள் எதிரில் என் டீயில் சர்க்கரை போட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புன்னகையோடு, "டீ நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

டீயைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன். நான் கூட்டிவந்தது யாரை என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு விடுதிக்குப் போனேன். "வாங்க தங்கச்சி" என்றார் முதலாளி. "அக்கா போனதோட எங்க பேய்க்கும் ரிட்டையர்மெண்ட்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு விருந்தினர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். போன வாரத் தேதியில் மூன்று பேர் விடியல் நடையைப் பற்றி எழுதியிருந்தார்கள். இந்தத் தடவை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவில்லை.

ஐந்தாம் அறை கேட்டேன். ஒரு பழைய சீட்டும் கேட்டேன். அவர் ஏன் என்று கேட்காமல் தேடிக் கொடுத்தார். டீ ஒன்று, சர்க்கரை மூன்று ஸ்பூன் என்று எழுதிக் கொக்கியில் மாட்டினேன்.

விடியலில் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். வந்தது. இரண்டு எட்டு வேகமாக, மூன்றாவது இழுத்து. பலகை முனகவில்லை. என் கதவில் நின்றது. கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

"அக்கா, வீட்டுக்கு வாயேன்" என்றேன்.

பென்சில் கதவில் ஒருமுறை இடித்தது. எழுதும் சத்தம் கேட்டது. பிறகு கதவிடுக்கு வழியாகச் சீட்டு உள்ளே வந்தது. மூன்று என்பது அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் உருண்டை எழுத்தில் அரை. அதற்குக் கீழே ஒரு வரி: டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?

நடை ஆறாம் அறைப் பக்கம் போய்விட்டது.

மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய்த் தங்குகிறேன். வெளியூரில் தையல் வேலை என்று வீட்டில் இருக்கிற அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவள் சரி என்பாள். எந்த ஊர், எப்போது வருவாய் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.