ஆமைக்கும் ஒரு நாள்

காலையில் முகம் கழுவி, பொட்டு வைத்து, கேமரா முன்னால் உட்கார்ந்து, "இன்று உலக ஆமைகள் தினம்" என்று சிரிக்காமல் சொல்வது என் பிழைப்பு. சின்னமனூரில் ஒரு கேபிள் டிவி ஆபீஸில் இருக்கிறேன். 'இன்று என்ன நாள்' என்பது என் ஐந்து நிமிட நிகழ்ச்சி. உலகத்துக்கு இன்று என்ன தினம், முன்னொரு காலத்தில் இதே தேதியில் என்ன நடந்தது, யார் யாருக்கு விடுமுறை, கடைசியில் ஒரு பொது அறிவுத் துணுக்கு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஓடும். மிச்ச நேரமெல்லாம் அதே ஆபீஸில் புகார் போன் எடுப்பேன். படம் தெரியவில்லை, சத்தம் வரவில்லை, காற்றுக்கு வயர் அறுந்துவிட்டது என்று கூப்பிடுகிறவர்கள், போகிற போக்கில் என் நிகழ்ச்சியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். பள்ளிக்கூடக் கரும்பலகையில் தினம் ஒரு பொது அறிவு எழுதுகிற ஆசிரியர்களே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் 'இன்றைய சிந்தனை' போடுகிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

இந்தச் சித்திரையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். தேவாரம் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். வீட்டுமனை விற்கிற ஒருவர் என் ஐந்து நிமிடத்தை விளம்பரத்துக்குக் கேட்கிறாராம். "ஒன் நிகழ்ச்சிய ஆரு பாக்குறாகன்னே தெரியல, தாயி. பள்ளிக்கூடம் தெறக்குற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள நாலு பேரு கேட்டு வந்தாகன்னா இருக்கட்டும். இல்லைன்னா நிப்பாட்டிட்டு நீ போன மட்டும் பாத்துக்க" என்றார். சம்பளம் குறையாது. ஆனாலும் எனக்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டும். நாள் முழுக்க ஊராரிடம் ஏச்சு வாங்குகிறவள் நான். அதே ஊர் காலையில் ஐந்து நிமிடம் நான் சொல்வதைக் கேட்கிறது என்ற நினைப்புதான் எனக்குத் தெம்பு. அது போய்விடும் என்றதும் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீளமான பகல்

யாரும் பார்ப்பதில்லை என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இருந்தது. போன வருஷத்துக் கதை. ஜூன் மாதம், வருஷத்திலேயே பகல் நீளமாக இருக்கிற நாள். "இன்று சூரியன் நமக்காகக் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறது" என்று கொஞ்சம் அழகாகச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கே பிடித்திருந்தது.

அன்று இருட்டிய பிறகு சுருளிப்பட்டியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டப் போகிறவர். தோட்டக்காரர் காலையில் என் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். சாயங்காலம் பெண்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்ததும், இன்றைக்குப் பொழுது நீளம், டிவியிலேயே சொல்லிவிட்டார்கள், இன்னும் ஒரு வரிசையை முடித்துவிட்டுப் போங்கள் என்றிருக்கிறார். நம் பக்கம் அந்த வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா அதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. "நாளையில இருந்து பொழுது கொறஞ்சுக்கிட்டே வரும்ல, அதையும் காலையில மறக்காமச் சொல்லிரு ஆத்தா. அந்தாளு டிவி முன்னாடிதான் உக்காந்திருப்பாரு."

லீவுக்குள் ஒரு லீவு

இந்த வருஷம் கெடு விழுந்த பிறகு முதலில் வந்தது வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. எங்கள் ஆபீஸுக்கு மட்டும் அது கிடையாது. கோயிலிலிருந்து நேரலை போடவேண்டும், அக்கினிச்சட்டி வரும் நேரம் பார்த்து எங்காவது வயர் அறுந்துபோகும். நான் நிகழ்ச்சியில் விவரமாகவே சொன்னேன். பள்ளிகளுக்கு விடுமுறை, அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை, வங்கிகள் இயங்கும், இதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை வேலை நாள்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். நாலு பேர் கேட்டு வரவேண்டும் என்ற கணக்கில் இவர் முதல் ஆள் என்று சந்தோஷமாகப் பேனாவை எடுத்தேன். அவர் சந்தேகம் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். "பிள்ளைகளுக்கு முழுப்பரீட்ச லீவு ஏற்கெனவே விட்டாச்சு. பேங்கு உண்டுங்குறீக. வயலுக்கு நான் போயித்தான் ஆகணும். அப்ப இந்த லீவு ஆருக்கும்மா?"

வெள்ளிக்கிழமை ஆமை

ஆமைகள் தினம் வெள்ளிக்கிழமையில் வந்து விழும் என்று நான் யோசிக்கவில்லை. கேமரா பார்க்கிற செல்வம் எங்கிருந்தோ ஒரு நல்ல படம் பிடித்துப் போட்டான். திரை நிறைய ஆமை, மெதுவாகத் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறது. ஆமைகள் நூறு வருஷத்துக்கு மேலும் வாழும் என்று சொல்லி முடித்தேன். வந்து போன் பக்கத்தில் உட்காரக்கூட இல்லை, மணி அடித்தது.

பேசியது கடைவீதியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் வீட்டம்மா. வீட்டைக் கழுவிக் கோலம் போட்டு, சாம்பிராணி காட்டிவிட்டு, நல்ல வார்த்தையாக ஏதாவது காதில் விழட்டும் என்று டிவியைப் போட்டிருக்கிறார். வீட்டுக்குள் வரவே கூடாத ஜீவன் நடு வீட்டில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறது. அது கடல் ஆமை, ரொம்பத் தூரத்தில் இருக்கிறது என்றேன். அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையான பயம் இருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. "வெளக்கேத்துன வீட்டுக்குள்ள அதக் கூட்டிக்கிட்டு வந்துட்டியே, தாயி. சரி, நடந்தது நடந்துபோச்சு. கையோட வீரபாண்டி ஆத்தாள ஒரு தடவ காட்டிரு, கழிஞ்சுபோகும்."

உச்சிக்கு ஏறியவர்கள்

மே மாதக் கடைசியில் ஒரு நாள், உலகத்தின் உயரமான சிகரத்தில் மனிதன் முதல்முதலாகக் கால் வைத்த நாள். பனி, புயல், மூச்சுத் திணறல் எல்லாவற்றையும் சேர்த்து நன்றாகவே சொன்னேன். இரண்டு பேர் உச்சியைத் தொட்டார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், படம் எடுத்தார்கள், இறங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் ஓடியதைப் பார்த்துவிட்டுப் போடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். தினமும் விடியற்காலையில் ஜீப்பில் மலை ஏறிப் போய், கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டுகிற நேரம் இறங்குகிறவர். பின்னால் இன்னும் சிலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பஞ்சாயத்து அங்கே வெகுநேரமாக நடந்திருக்க வேண்டும். மேலே போய் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டார். வேலை ஒன்றும் இல்லை, ஏறினதுதான் சாதனை என்றேன். அதை அப்படியே மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்ப போனுக்கு வந்தார். "அம்புட்டு ஒசரம் ஏறி, ஒரு வேலையும் பாக்காம எறங்கி வாரதுக்கு அவுகளுக்கு ஆரு கூலி குடுத்தாகன்னு கேட்டுச் சொல்லுங்க."

புகை இல்லாத நாள்

மே முப்பத்தொன்று, புகையிலை ஒழிப்பு தினம். என் நிகழ்ச்சியை வழங்குகிறவரோ பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு மொத்த வியாபாரி. சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு விலகுவார், முதலாளிக்கு நிகழ்ச்சியை நிறுத்த நல்ல சாக்குக் கிடைக்கும். சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை. பட்டும் படாமலும் இருக்கட்டும் என்று, முந்தின நாள் கடைசியில் "நாளை புகையிலை இல்லா தினம்" என்று ஒரு வரி மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே அந்த மொத்த வியாபாரி அண்ணாச்சி கூப்பிட்டார். அவர் பேரைக் கேட்டதும், நிகழ்ச்சி போயிற்று என்றே நினைத்தேன். நடந்தது இதுதான். சில தினங்களில் மதுக்கடைகளை அரசாங்கம் பூட்டிவிடும், அது எங்கள் ஆண்களுக்குப் பழகிப்போன விஷயம். தினம் என்று சொன்னாலே அவர்கள் முந்தின நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். இதையும் அந்த வகையில் சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் நிகழ்ச்சி முடிந்த கையோடு பெட்டிக்கடைகளில் கூட்டம், அண்ணாச்சி கடையில் பெட்டிக்கடைக்காரர்கள் கூட்டம். "நல்ல தினமாத்தான் கண்டுபிடிச்சு வச்சுருக்காக, தாயி. இத மாசம் ஒரு தடவ போட முடியுமான்னு ஒங்க மொதலாளிகிட்டக் கேளு."

இன்று பிறந்தவர்கள்

இவ்வளவு பேர் பேசியும், அடுத்த வாரமும் இந்த நிகழ்ச்சி வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசி முயற்சியாக 'இன்று பிறந்தவர்கள்' என்று ஒரு பகுதி சேர்த்தேன். படமும் பேரும் ஊரும் ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் வாழ்த்துச் சொல்வேன். இரண்டொரு குழந்தைகள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்தது. முதலாளி சொன்ன கணக்குப்படி அதுதான் என் கடைசி நிகழ்ச்சி.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. படங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் நடுவயது தாண்டியவர்கள். எல்லோரும் தேவாரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊர். எல்லோருக்கும் பிறந்த நாள் ஒரே தேதி, மறுநாள். நம்மை வைத்து யாரோ விளையாடுகிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது. முதல் படம் அனுப்பிய அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேவிட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "பொய்யில்ல தாயி. எங்கூருப் பெரிய வாத்தியாரு பிள்ளைகள வரிசையா நிக்க வச்சு, கையத் தல மேல சுத்திக் காதத் தொடச் சொல்லுவாரு. தொட்டா அஞ்சு வயசு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு தேதி ஆரு யோசிக்கிறது? பள்ளிக்கூடம் தெறக்குற தேதியவே போட்டுட்டாரு. அவரு இருந்த வருசம் பூராவும் அதே தேதிதான். ரேசன் கார்டு, ஆதாரு எல்லாத்துலயும் அதான் எங்களுக்கு." உண்மையில் எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டேன். "சோளம் அறுக்கையிலன்னு எங்க ஆத்தா சொல்லுச்சு. அத வச்சுக் கேக்கு வெட்ட முடியுமா? நீ வாழ்த்துச் சொல்றேன்னதும், இருக்குற நாளையாச்சும் கொண்டாடிப் பாப்போம்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டோம்."

மறுநாள் உலகத்துக்கு என்ன தினம் என்று நான் சொல்லவே இல்லை. பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். கணவனும் மனைவியும் ஒரே நாளில் பிறந்திருந்தார்கள். அண்ணன், தம்பி, தங்கை மூன்று பேரும் வேறு வேறு வருஷத்தில் அதே நாளில் பிறந்திருந்தார்கள். சம்பந்திகள் இருந்தார்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும் செல்வம் கையைக் காட்டினான். நான் அவன் பக்கமே திரும்பவில்லை. கடைசி நிகழ்ச்சிக்கு யார் என்னை என்ன செய்துவிட முடியும் என்று கடைசிப் பேர் வரைக்கும் வாசித்தேன். நடுவில் ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டேன். எழுந்து திரும்பினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

போன் அடிக்க ஆரம்பித்தது. ஊரே ஒரு வீட்டு டிவி முன்னால் கூடியிருந்ததாம், தேவாரத்திலிருந்து கேக் வாங்கி வந்து வெட்டினார்களாம், சாயங்காலமும் கூட்டமாகப் பார்ப்பார்களாம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், அவர்கள் ஊர் வாத்தியார் போட்ட தேதி அடுத்த வாரம் வருகிறது, அதற்குப் படம் எப்போது அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அடுத்த வாரம் நிகழ்ச்சி உண்டா என்று எனக்கே தெரியாது. போனைக் கையால் பொத்திக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பையைத் துழாவினார். பழைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். "வீட்டுமனைக்காரர ஒன் நிகழ்ச்சிக்குப் பெறகு வரச் சொல்லிட்டேன். அடுத்த வருசம் இதே நாள்ல என் படத்தையும் சேத்துரு, தாயி. நானும் அந்தப் பெரிய வாத்தியாரு பெத்த பிள்ளதான்."

ஆமைக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள், புகையிலைக்கு ஒரு நாள் என்று உலகம் கண்டுபிடித்த நாளையெல்லாம் சொல்லிப் பார்த்தும் நிலைக்காத என் நிகழ்ச்சி, ஆளுக்கொரு நாள் யோசிக்கச் சோம்பல்பட்ட ஒரு வாத்தியாரின் தயவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.