பக்கத்து சீட்டு

தெருவில் எல்லோரும் அவரைத் துணிவேன்காரர் என்றுதான் சொல்வார்கள். லாட்ஜுகளின் அழுக்குப் படுக்கைவிரிப்புகளைக் காலையில் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டுபோய்ச் சலவைக்கூடத்தில் இறக்குவார். வெளுத்து மடித்ததைச் சாயங்காலம் கொண்டுவந்து சேர்ப்பார். இதுதான் அவர் பிழைப்பு. கல்யாணமான புதிதில் வாங்கிய வேன் போய், அதற்கு அடுத்ததும் போய், இது மூன்றாவது. மூன்றிலும் பக்கத்து சீட்டு அவர் மனைவிக்கு. அவள் மூட்டை தூக்கமாட்டாள். லாட்ஜ்காரர்களிடம் வாய்கொடுத்துக் காரியம் சாதித்துக்கொண்டு வருவாள். அவருக்கு அந்த வித்தை வராது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே யோசிக்கிற ஆள். "நான் ஏறினாத்தான் இந்த வண்டியே நகரும்" என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். அவரும் மறுத்ததில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அவள் கிளம்பிப் போனாள். போகும்போது சொன்னது மூன்று மாதம். குழந்தை தவழ ஆரம்பித்தது, நடக்க ஆரம்பித்தது, மகள் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மூன்று மாதம் மட்டும் முடிந்தபாடில்லை.

வீட்டில் இப்போது ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் புழக்கத்தில். கட்டிலில் தன் பக்கத்தை மட்டும் உதறிப் போட்டுக்கொண்டு படுப்பார். சில நாள் காலையில் லாட்ஜ் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லும்போது தொண்டை கரகரக்கும். அப்போதுதான், முந்தின சாயங்காலத்திலிருந்து வாயைத் திறக்கவே இல்லை என்பது அவருக்கு உறைக்கும்.

வேன் தகராறு பண்ண ஆரம்பித்ததும் அவள் போன பிறகுதான். சாவியைத் திருப்பினால் முன்னால் விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃப் எடுக்காது. பேட்டரி கடைக்காரர் சோதித்துப் பார்த்து, பேட்டரி குத்துக்கல் மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாட்ச்மேனும் ரூம் பையன்களும் சேர்ந்து தள்ளினால் உருண்டுபோய் உயிர்பிடிக்கும். தள்ளுகிறவர்கள் சும்மா தள்ளுவார்களா?

"பேரு மட்டும் துணிவேன்," என்பான் வாட்ச்மேன். "எங்க துணியுது? நான் தள்ளுவேன்னு சொன்னாத்தான் நகருது!"

மருமகன் போனில் பக்குவமாகச் சொன்னான். "மாமா, பேசாம வித்துடுங்க. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. நீங்களும் எங்களோட வந்துடுங்க. பால்கனியை அடைச்சு உங்களுக்கு ரூம் பண்ணிடலாம்."

நல்ல பிள்ளை. அதனாலேயே அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அடைத்த பால்கனியில் ஒரு கட்டில், அதன்மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு தான், கீழே அடுத்தவர் வண்டிகள். நினைத்துப் பார்த்தார். வேன் சரியானால் விற்பதில்லை, சரியாகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவுகட்டினார். சனிக்கிழமை காலை எலெக்ட்ரீஷியனை வரச்சொன்னார்.

எலெக்ட்ரீஷியன் நாற்பது வயதுக்காரன். பையோடு வந்தவன், டாஷ்போர்டு விளக்குகள் எப்படி மங்குகின்றன என்று பார்க்கவேண்டும் என்று சொல்லிப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"அடிங்கண்ணே, பார்ப்போம்."

சாவியைத் திருப்பினார். தொட்டதும் எடுத்தது. அணைத்துவிட்டுத் திரும்ப அடித்தார். எடுத்தது. இன்னொரு தரம். அப்போதும் எடுத்தது. தன் மானத்தை வாங்குவதற்கென்றே வண்டி இப்படிச் சமர்த்தாக நடந்துகொள்கிறது என்று தோன்றியது.

"என்னண்ணே, வண்டிக்கு ஒண்ணுமே இல்லையே. பேச்சுத்துணைக்குக் கூப்பிட்டீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு டீ வாங்கிட்டு வந்திருப்பேன்ல."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். அவருக்குக் காது சுட்டது. அன்று கண் விழித்ததும் முதலில் வந்த நினைப்பு வேனைப் பற்றியதல்ல, இன்றைக்கு ஒருத்தர் வருவார் என்பதுதான். அதற்காக வாசலைக்கூடப் பெருக்கியிருந்தார். அதை இவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று ஒரு கணம் திகைத்துவிட்டார்.

அவன் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். ஏதாவது செய்யவேண்டுமே என்று இவர் சாவியைத் திருப்பினார்.

டக்.

அவன் திரும்பினான். "இன்னொருவாட்டி."

டக்.

ஓடிவந்து ஏறி உட்கார்ந்தான். "இப்ப அடிங்க." எடுத்தது. அணைக்கச்சொல்லி இறங்கினான். டக். ஏறினான். எடுத்தது. மறுபடி இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். "நான் ஏறினா எடுக்குது, இறங்கினா எடுக்கல. என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போலிருக்கு. இந்த சீட்டுக்கு அடியிலதானே பேட்டரி?"

சீட்டின்மேல் கிடந்த பூப்போட்ட குஷனை எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டு, சீட்டை முன்னால் மடக்கித் தூக்கினான். பையிலிருந்த வோல்ட் மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்தான். இன்னொன்றை, பெயின்ட் சுரண்டிய தகரத்தில் அழுத்தினான்.

"அடிங்க."

டக் என்றதும் மீட்டரில் எண் பத்தைத் தாண்டிக் குதித்தது.

"மாட்டிக்கிச்சு! இங்க ஒண்ணுமே காட்டக்கூடாதுண்ணே. செல்ஃபுக்குப் போகவேண்டிய வோல்ட் அவ்வளவும் இங்கயே நின்னுபோகுது." மைனஸிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் தடித்த கறுப்பு ஒயரைப் பிடித்து ஆட்டினான். அது போல்ட்டோடு சேர்ந்து ஆடியது. நட்டை விரலாலேயே சுற்றிக் கழற்றிவிட்டான். அடியில் கரி பிடித்திருந்தது. "லைட் எரிய இது லேசா உரசினாலே போதும். செல்ஃப் சுத்தணும்னா இறுக்கிப் பிடிக்கணும். மேல ஆள் உட்கார்ந்தா சீட்டு அழுத்தி ஒயர் ஒழுங்கா படியுது. இறங்கினா தூக்கிக்குது. இங்க யாரு உட்காருவாங்க?"

"வீட்ல."

"இப்ப எங்க?"

"பொண்ணு வீட்ல."

"அப்ப இத்தனை நாளும் அண்ணிதான் வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க!" என்று சிரித்தவன், ஏதோ தோன்றியதுபோல் நிறுத்தினான். "அதுசரி, தினம் இவ்வளவு மூட்டை ஏத்துறீங்களே. ஒரு மூட்டையை இதுமேல போட்டிருந்தாலே எடுத்திருக்குமே. ஒருநாள்கூடவா போடல?"

போடவில்லை. பின்னால் மூட்டைகள் கதவு மூடாமல் பிதுங்கிய நாட்களில்கூட இரண்டு நடை அடித்தாரே தவிர, அந்த சீட்டில் ஒரு தலையணை உறையைக்கூட வைத்ததில்லை. ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. குஷனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தம்பி, இதை இப்படியே விட்டுட்டா?"

"விட்டா ஒருநாள் தீப்பிடிக்கும். எதுக்கு விடணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவன் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஸ்பானர் போட்டு முறுக்கினான். சீட்டை இறக்கிவிட்டுத் தள்ளி நின்றான். இவர் குஷனை அதன் இடத்தில் வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு.

"அவ்வளவுதாண்ணே! இனிமே யாரும் வேண்டாம். நீங்க ஒருத்தர் போதும்," என்றான், நல்ல சேதி சொல்கிற குரலில்.

அவன் போனதும் மனைவிக்குப் போன் செய்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். பல நாளாக அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை. அவள் சிரித்த சிரிப்பில் குழந்தையை இறக்கிவிட வேண்டியதாயிற்று.

"நான் படிச்சுப் படிச்சு சொல்லல? நான் ஏறினாத்தான் நகரும்னு! உடம்பைக் குறை, குறைன்னாரே ஒரு டாக்டர், அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க இதை."

"இப்ப நீ இல்லாமலே எடுக்குது."

 அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"நல்லதுதானே," என்றாள். "அப்ப நாளைக்கு அந்த ஆளை வரவேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடவா?"

"சொல்லிடு."

"நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியலைங்க. இது ஒரு நிமிஷம் என்னை விடமாட்டேங்குது."

"அவசரம் ஒண்ணுமில்ல," என்றார். அது பொய்யென்று அவருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்?

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

லாட்ஜுக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. வழக்கத்தைவிட அதிகமான மூட்டைகள். அணைத்த வண்டியை அவர் ஒரு தரம் எடுத்துக் காட்டியதும் வாட்ச்மேன் வாயைப் பிளந்தான். "அட, துணிஞ்சிடுச்சே! எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே."

பின்கதவை எப்படி அழுத்தி மூடியும் ஒரு மூட்டை மிஞ்சியது. வாட்ச்மேன் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்து கதவில் கைவைத்தான். "இதை முன்னாடி போட்டுடறேன்."

"வேண்டாம்ப்பா. அது ஆள் உட்கார்ற இடம்."

அவன் எட்டி உள்ளே பார்த்தான். பூப்போட்ட குஷன்தான் இருந்தது. "எந்த ஆளு? யாரையும் காணோமே."

"இறக்கி வை," என்றார் துணிவேன்காரர், சாவியைத் திருப்பிக்கொண்டே. "இன்னொரு நடை வர்றேன்."