வெள்ளைக்கல் பாதையின் கிழக்கு வாசல்

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, மதுரை யானைக்கல் அருகே கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் பத்தணா. உடன் வந்தவர் நண்பர் ராமநாதன். ஜவுளிக்கடை ஒன்றில் குமாஸ்தா, கனத்த சரீரம். வாரத்துக்கு ஒருநாள் ஐந்தாறு மைல் நடக்க வேண்டும் என்று டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊருக்குள் நடந்தால் தெரிந்தவர்கள் வழிமறித்துக் காபி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை.

எங்களை அந்தப் பக்கம் போகத் தூண்டியது வாசகசாலையில் கிடந்த ஓர் அச்சு நோட்டீஸ். கொட்டாம்பட்டிக்கு இரண்டு மைல் இப்பால், மூடிக்கிடக்கும் அவுரிச் சாயத் தொழிற்சாலையைப் புதிதாக ஒருவர் வாங்கி, அதற்குள் கனவான்களும் குடும்பத்தாரும் காற்றாட நடப்பதற்குப் பாதை போட்டிருக்கிறாராம். கட்டணம் கிடையாது, மோரும் நாற்காலியும் உண்டு. பிற்பாடு அங்கே பங்களா மனைகள் விற்கப்போகிறார் என்று கேள்வி.

ஒத்தக்கடை தாண்டும்போது விடியத் தொடங்கியது. இடப்புறம் யானைமலை கறுப்பாகப் படுத்திருந்தது. மேலூரில் பஸ் இருபது நிமிஷம் நின்றது. ராமநாதன் இரண்டு இட்டிலியோடு நிறுத்திக்கொண்டது அன்றைய தினத்தின் முதல் ஆச்சரியம். அதன்பிறகு சாலையின் இரு பக்கமும் அறுவடையான வயல்கள், பனைகள், மொட்டைப் பாறைகள். எட்டு மணிக்குக் கண்டக்டர் மணியை இழுத்தார்.

“காத்து வாங்குற எடம் வந்திருச்சு. எறங்குங்க சார்” என்றார். “திரும்பிப் போக பதினொண்ணரைக்கு மேலூர் வண்டி இருக்கு. அத விட்டா நாலு மணிதான்.”

மேற்கு வாசல் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. மானேஜர் எழுந்து வந்து கும்பிட்டார். முப்பது வயது இருக்கும், நல்ல சிரிப்பு. வருகையாளர் புத்தகத்தில் எங்கள் பெயர்களையும் வேலை பார்க்கும் இடங்களையும் எழுதச் சொன்னார். ஆளுக்கொரு மூங்கில் கம்பு கொடுத்தார். “நேரா கிழக்கு வாசல் வரைக்கும் ஒரு மைல் சார். அங்கேயிருந்து கண்மாய்க் கரை மேலேயே சுத்தித் திரும்பலாம். எங்கே உட்காரணும்னு தோணுதோ அங்கே உட்காருங்க” என்றார்.

அழகான இடம்தான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தெற்கே பெரிய கண்மாய், தளும்பும் தண்ணீர், கரைநெடுக நாரைகள். வடக்கே மரமில்லாத நீண்ட பாறைக்குன்று. இரண்டுக்கும் நடுவே தொழிற்சாலை. பாதையின் இரு ஓரமும் சுண்ணாம்பு அடித்த கற்களைப் பதித்திருக்கிறார்கள். சென்ற யுத்தத்தின்போது ஜெர்மன் சாயம் வராமல் போகவே, இங்கே இரவும் பகலும் அவுரி காய்ச்சினார்கள். யுத்தம் முடிந்து ஜெர்மன் சாயம் திரும்ப வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். மேலே ஆறு தொட்டி, கீழே ஆறு தொட்டி, காய்ச்சுகிற கொட்டகை, பாதி இடிந்த புகைபோக்கி. மேல் தொட்டிகளில் செடியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிகளில் இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று துடுப்பால் அடிப்பார்களாம். கீழ்த்தொட்டிகளின் சுவரில் இடுப்பு உயரத்துக்கு இன்னும் நீலம் இருக்கிறது. விரலால் தேய்த்துப் பார்த்தேன்; போகவில்லை.

இவ்விடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராமச் சர்வே படங்களைப் பிரதி எடுப்பது என் வேலை. அந்தக் கிராமத்துப் படத்தையும் நான் எடுத்திருக்கிறேன். குன்றுக்கும் கண்மாய்க்கும் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் ஒரு வண்டிப்பாதையை இரட்டைக் கோடாக என் கையாலேயே இழுத்திருக்கிறேன். அது தனியார் பாதையல்ல, ஊர்ப் பாதை. வெள்ளைக் கற்களுக்கு நடுவே நடந்தபோது அந்தக் கோட்டின்மேல்தான் நடக்கிறேன் என்று தெரிந்தது. அதில் எனக்கு அசட்டுத்தனமான ஒரு சந்தோஷங்கூட உண்டாயிற்று. ராமநாதனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

கிழக்கு வாசலை அடைந்தபோது மணி பத்தேகால். முள்கம்பி வேலி, இரும்புக் கதவு, பூட்டு. கதவருகே சோலை என்ற காவல்காரர். வேலிக்கு வெளியே, தரையில், ஒரு கயிற்றுக் கட்டில்.

கட்டிலில் ஒரு மனிதர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே பனைமட்டை வைத்துத் துணி சுற்றியிருந்தது. துணி நனைந்து கறுத்திருந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் குத்தவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் தூக்கியவரின் தோள் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை காவல்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கத்தி ஓய்ந்த குரல்.

விசாரித்தேன். அவள் பெயர் பேச்சி. கட்டிலில் கிடந்தவர் அவள் புருஷன் வெள்ளையன். கிணறு வெட்டும்போது பாறை சரிந்து காலை நசுக்கிவிட்டது. மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தாகவேண்டும். இந்தக் கதவு வழியாகச் சாலைக்கு ஒரு மைல். கதவு திறக்காவிட்டால் குன்றைச் சுற்றி நாலு மைல்.

“சுத்திப் போனா வண்டி போயிரும் அய்யா” என்றாள். “இந்தத் தொட்டியில இடுப்பளவு தண்ணியில நின்னு துடுப்படிச்சவ நானு. கலியாணமாகி வந்த வருசம். அன்னைக்கி எங்கள உள்ள வராதன்னு ஒருத்தரும் சொல்லல, விடியமுன்ன வரலைன்னாத்தான் ஏசுவாக. இன்னைக்கி நடந்து போகக்கூட விடமாட்டேங்குறாக.”

சோலையைப் பார்த்தேன். “உத்தரவு இல்லீங்க” என்றார். தலையை நிமிர்த்தவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, விசிலை எடுத்து ஊதினார். சிறிது நேரத்தில் மானேஜர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“பாவம்தான் சார். ஆனா இன்னிக்குக் கட்டில்னு விட்டா, நாளைக்கு விறகுக்கட்டு, மறுநாள் எருமை. மதுரையிலேயிருந்து பெரிய மனுஷாள் குடும்பத்தோட வர்றாங்க. இவங்க குறுக்கே நெடுக்கே போனா யார் வருவாங்க, சொல்லுங்க?”

“இது ஊர்ப் பாதை. கிராமப் படத்தில் இருக்கிறது. நான் வரைந்திருக்கிறேன்” என்றேன்.

“படத்துல இருக்கலாம் சார். இங்கே இல்லையே” என்றார் அவர். அப்போதும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

சர்வே விதிகளை அடுக்கினேன். கலெக்டருக்கு எழுதுவேன் என்றேன். குரல் உயர்ந்ததே தவிர, கதவு அசையவில்லை. கட்டிலில் இருந்தவர் ஒருமுறை முனகினார். நான் இன்னும் பேசிக்கொண்டே இருந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அதுவரை ராமநாதன் ஒரு வெள்ளைக் கல்லின்மேல் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்தார். விருந்தினர்கள் கண்மாய்க் கரைக்குப் போவதற்காக வேலியில் விட்டிருந்த சுழல் கட்டையில் உடம்பைத் திணித்து வெளியே போனார். தோள் உரிந்த மனிதரை “நீங்க தள்ளுங்க அண்ணே” என்று விலக்கிவிட்டுத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்தார். மற்றவர் பின்பக்கம் பிடிக்க, கட்டில் எழுந்தது. ராமநாதன் கதவுக்கு நேரே வந்து நின்றார்.

“என் பேரு ஒங்க புஸ்தகத்துல இருக்குல்ல? நான் ஒங்க விருந்தாளிதானே? உள்ள வாரேன், தொறங்க” என்றார்.

“திறக்காதே” என்றார் மானேஜர்.

சோலை மானேஜரைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். “விருந்தாளி வந்தா தொறக்கணும்னு நீங்கதான சொல்லியிருக்கீக” என்று சொல்லிப் பூட்டைத் திறந்துவிட்டார்.

அந்த ஒரு மைலையும் ராமநாதன் நிற்காமல் நடந்தார். டாக்டர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. பாதி வழியில் பின்பக்கம் நான் மாற்றிக்கொண்டேன். கட்டில் கால் வெள்ளைக் கற்களில் இரண்டொரு முறை இடித்தது. பேச்சி கூடவே ஓடி வந்தாள். தொட்டிகளின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. பதினொன்றரை பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. பின்சீட்டைக் காலி செய்து வெள்ளையனைப் படுக்க வைத்தோம். பேச்சியும் தோள் உரிந்த மனிதரும் உடன் ஏறினார்கள்.

அந்த பஸ்ஸிலேயே நாங்களும் திரும்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. அந்த நாலு மைல் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும் என்றேன். ராமநாதன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டோம். முதல் மைல் கருவேலங்காடு. அதன்பின் குன்றின் அடிவாரத்தில் சரளையும் முள்ளும். நிழல் என்பதே கிடையாது. ஓரிடத்தில் ஓடை குறுக்கே அறுத்துப் பள்ளமாகக் கிடக்கிறது. வெறுங்கையோடு இறங்கி ஏறவே எனக்கு ராமநாதன் கைகொடுக்க வேண்டியிருந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு அதில் எப்படி இறங்குவது என்று யோசித்துப் பார்த்தேன், வழி தெரியவில்லை. வேலி போட்டதிலிருந்து பத்து மாதமாக, கிழக்கே இருக்கும் அந்த ஊர் ஜனங்கள் சந்தைக்கும் தாலுகா கச்சேரிக்கும் இப்படித்தான் போய் வருகிறார்கள். அந்த வெயிலில் தலைச்சுமையோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு கிழவர் எங்களைக் கண்டு, “வழி தப்பிட்டீகளா? ஒங்களுக்குத்தான் உள்ள நல்ல பாதை இருக்குதே” என்றார். உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் கேட்டார்.

இரண்டே முக்காலுக்குக் கிழக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். கதவு பூட்டியிருந்தது. உள்ளே வேறு ஓர் ஆள் நின்றான்.

சோலையின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். வாசலில் உட்கார்ந்து காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார், திருப்பிக் கொடுப்பதற்காக. தண்ணீர் கொடுத்தார். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

“வெள்ளையன் எனக்கு மாமன் மகன். அது ஒங்களுக்குத் தெரியாது. காலையில மூணு தடவ அவன் பொண்டாட்டிகிட்ட சுத்திப் போன்னு சொன்னேன். வேலை முடிஞ்சா எனக்கும் அதே சுத்துத்தான். சாவி என் இடுப்புல கெடக்கும், நான் குன்னச் சுத்திச் சந்தைக்கிப் போவேன். அம்புட்டு நாளும் அது வெக்கமாத் தெரியல. இன்னைக்கித்தான் தெரிஞ்சிச்சு.”

“எங்களால்தான் உங்கள் வேலை போயிற்று” என்றேன்.

“ஒங்களாலயா? நீங்க பேசிக்கிட்டுல்ல இருந்தீக” என்றார். ராமநாதன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

மறுபடியும் குன்றைச் சுற்றிச் சாலைக்கு வருவதற்குள் நாலு மணி பஸ் போய்விட்டது. கொட்டாம்பட்டி வரை நடந்து, அங்கிருந்து மதுரைக்கு மிளகாய் மூட்டை ஏற்றிப் போன லாரியில் வந்து சேர்ந்தோம்.

அடுத்த ஞாயிறு மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளையனுக்குக் கால் தப்பியது. கொஞ்சம் குட்டையாகக் கூடும் என்றார் டாக்டர். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதற்கடுத்த வாரம் என் அலுவலகத்துக்கு மானேஜரிடமிருந்து ஒரு புகார் வந்தது. மேலதிகாரி என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். அந்தத் தொழிற்சாலை வளாகத்துக்குள் உத்தியோக நிமித்தமாகப் போனேனா, இல்லையென்றால் எந்த அதிகாரத்தின் பேரில் ஒரு கட்டிலைக் கொண்டுபோனேன் என்பது கேள்வி. உத்தியோக நிமித்தமாக இல்லை, அது பாதையாக இருந்தபடியால் நடந்தேன் என்று பதில் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கை கிடைத்தது. ஊர்க்காரர்கள் இப்போது தாசில்தாருக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கைரேகை சோலையுடையது. இதை எழுதுகிற இன்றுவரை கதவு பூட்டியேதான் இருக்கிறது. வாசகசாலையில் நோட்டீஸும் கிடக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அங்கே காற்று வாங்கப் போகும் உத்தேசம் இருந்தால், ஒரு யோசனை சொல்கிறேன். சாலையில் இறங்கியதும் வாசலுக்குள் நுழையாதீர்கள். புத்தகத்தில் பெயர் எழுதாதீர்கள். இடப்புறம் திரும்பிக் குன்றைச் சுற்றி நடந்து கிழக்கு வாசலுக்குப் போங்கள். வேட்டியும் சட்டையும் வெள்ளையாக இருந்தால் அந்தப் பக்கமும் உங்களுக்குத் திறப்பார்கள். திறந்தால், பின்னால் நிற்பவர்களை முதலில் போகச் சொல்லுங்கள்.