பழு எலும்பும் ஒரு கசெற்றும்

போன வெள்ளிக்கிழமை பகல், ஆவி போகுமுன்பே என் மகள் குக்கரின் மூடியைத் திருகினாள். வகுப்புக்கு நேரமாகிறது, பசி வேறு. மூடி பறக்கவில்லை, ஒரு சீறல்தான். மணிக்கட்டில் சின்னதாகச் சிவந்தது. ஆனால் அவளுடைய கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்டுமில்ல உம்மா. நீங்க ஏன் இப்பிடிக் கத்துறீங்க?" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

ஒரு கிழமை ஆகிவிட்டது. அவளுடைய கையில் தழும்புகூட இல்லை. நான்தான் இன்னும் அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றவில்லை. அவளிடம் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. என் உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகியிருந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். அப்படி வந்து குடியிருந்த வாப்பா, நான், மூன்று வயதுத் தம்பி ஆகிய மூன்று பேரும் வீட்டுக்காரி இல்லாத வீட்டைக் காத்துக்கொண்டிருந்தோம். வீட்டைச் சுற்றிய வளவின் பின்பக்கம் ஆற்றில் முடியும். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அதே வளவில் அடுத்த வீடு சாச்சியுடையது. சாச்சி உம்மாவின் தங்கை, உம்மாவை ராத்தா என்பார்.

வாப்பா கைத்தறியில் ஆண்கள் உடுக்கும் சாரம் நெய்பவர். நெசவில் ஒரு இழை பிசகாது. சமையல் மட்டும் கைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாட்டிறைச்சி வாங்கிவந்து காலையிலிருந்து விறகை ஊதி ஊதி ஆக்குவார். கடைசியில் நாங்கள் மென்று மென்று களைத்துப்போய்த் துப்பிவிடுவோம்.

"மச்சான் ஆக்கின இறைச்சியில செருப்புத் தைக்கலாம்" என்பார் சாச்சி. வாப்பா சிரித்துக்கொண்டே அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே செய்வார்.

உம்மாவுக்கு இது யார் எழுதிய கடிதத்தில் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. லீவில் ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார். பெட்டிக்குள் ஒரு பிரஷர் குக்கர். அதற்குள், துவாயில் சுற்றி, ஒரு கசெற். அதன் ஒரு பக்கத்தில் 'இறைச்சி' என்று உம்மாவின் கையெழுத்து இருந்தது. மறுபக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா அடுப்புக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக் கசெற்றைப் போட்டார்.

"இஞ்சாருங்க," என்றது உம்மாவின் குரல். "தனி இறைச்சி வாங்காதீங்க. பழு எலும்பாக் கேளுங்க, விலாப் பக்கத்து எலும்பு. கொழுப்பக் கழிக்க வேணாம், அதுதான் ருசி. எலும்புப் பக்கம் கீழ இருக்க அடுக்குங்க. தண்ணி நாலு விரல் போதும். தேங்காப்பால் இப்ப ஊத்தப்படா, இறக்கின பொறகுதான். மூடியப் பூட்டிட்டீங்களா? பூட்டினா ஓம் எண்டு சொல்லுங்க."

"ஓம்" என்றார் வாப்பா, ரேடியோவைப் பார்த்து.

சாச்சி வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "ராத்தா வீட்டில இருக்கக்குள்ள ஒரு ஓம் உங்கட வாயில வந்ததில்ல மச்சான். இப்ப பொட்டிக்கு ஓம் போடுறீங்க."

உம்மா அங்கே தானும் ஒரு குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் பேசியிருக்கிறார். கசெற்றுக்குள் ஒரு விசில் கேட்டால், கொஞ்சம் முந்தியோ பிந்தியோ எங்கள் குக்கரும் கூவும். "இப்ப ரெண்டு கொள்ளிய வெளிய இழுங்க" என்பார். வாப்பா இழுப்பார். இறைச்சி வேகும்வரைக்கும் எங்களோடு கதைத்துக்கொண்டே இருப்பார். என் தலையில் பேன் இருக்கிறதா, ஓதப்பள்ளியில் எந்த இடம் ஓதுகிறேன், தம்பி இப்போது எலும்பு கடிப்பானா. "அவனுக்குப் பல்லு முளைக்கக்குள்ள நான் இங்க வந்துட்டன். இது பஞ்சு மாதிரி வேகும், அவனுக்கும் குடுங்க." இடையில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்கும். உம்மா அரபியில் ஏதோ சொல்லிவிட்டு ஓடுவார். வெறும் விசிலும் காற்றும் கேட்கும். பிறகு மூச்சு வாங்க வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

கசெற் 'டக்' என்று நின்றால் குக்கரை இறக்க வேண்டும். வாப்பா இறக்கி வைத்துவிட்டு எங்களைத் துரத்துவார். "வெளிய போங்க. ஆவி அடங்குமட்டும் ஒருத்தரும் கிட்ட வரப்படா." நானும் தம்பியும் ஆற்றங்கரையில் நண்டு துரத்துவோம். அவர் கூப்பிட்டு நாங்கள் வரும்போது கறி தயாராக இருக்கும். எலும்பைப் பிடித்து இழுத்தால் வெறும் எலும்பு மட்டும் கையில் வரும். தம்பி இரண்டு கையாலும் தின்றான். வாப்பாவின் முகம் அந்த நேரங்களில் ஏன் அப்படித் தெளிந்திருந்தது என்று நான் யோசித்ததில்லை. கறி நன்றாக வந்த சந்தோசம் என்றுதான் நினைத்தேன்.

இப்படி ஏழெட்டு வெள்ளிக்கிழமை போயிருக்கும். ஒரு நாள் வாப்பா தறிக்குப் போயிருந்தார். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சாச்சி தன் இறைச்சியைக் கொண்டுவந்து எங்கள் குக்கரில் ஏற்றினார். அவருக்குக் கசெற் தேவைப்படவில்லை. கேட்டுக் கேட்டே பாடமாகியிருந்தது. விசில் வந்தது. உம்மாவுடைய குக்கரின் விசிலை நாங்கள் கேட்கிறோம், எங்களுடையதை உம்மா கேட்டதே இல்லையே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. வீட்டில் வேறு கசெற் இருக்கவில்லை. எழுதாத பக்கத்தில் ஒன்றும் இருக்காது என்று எண்ணி, அந்தப் பக்கத்தைப் போட்டு, பதிவதற்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமத்தினேன்.

"உம்மா, கேக்குதா? இது எங்கட குக்கர்" என்றேன். பிறகு விசிலுக்காகக் காத்திருந்தேன். தம்பியைப் பாடச் சொன்னேன். அவன் மூக்கை உறிஞ்சினான். பக்கம் முடியப்போகும் நேரத்தில் சாச்சி கண்டுவிட்டார். "அதில என்ன புள்ள நோண்டுற? நாசமாக்கிப் போடாத!" நான் நிறுத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பா வழக்கம்போல எங்களை வெளியே அனுப்பினார். நான் ஆற்றுக்குப் போகாமல் அடுப்படி யன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன். உள்ளே வாப்பா கசெற்றைத் திருப்பிப் போட்டார். அப்படிச் செய்வார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் குரல் கேட்டது. விசில் கேட்டது. பாராட்டு வரப்போகிறது என்று நான் எழும்பி முகத்தைக் காட்டினேன்.

"ஆரு இதப் பதிஞ்ச?"

"நான்தான் வாப்பா."

"முழுக்கவா?"

"முழுக்க" என்றேன், பெருமையாக.

அவர் அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. திரும்பிப் போய், எங்களை ஒருநாளும் கிட்ட விடாதவர், ஆவி அடங்காத குக்கரின் மூடியைப் பிடித்துத் திருகினார். ஆவி புகை மாதிரி வெள்ளையாக எழும்பி அவரை மறைத்தது. சாச்சி ஓடிவந்து தண்ணீர் ஊற்றும்போது முழங்கைவரை தோல் சிவந்து கிடந்தது.

"எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு நீங்க ஏன் மச்சான் இப்பிடிச் செஞ்சீங்க?"

வாப்பா நிலத்தில் உட்கார்ந்து அழுதார். பெரிய ஆள் ஒருவர் அப்படி அழுவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆவி பட்டால் அவ்வளவு எரியும் போல என்று எனக்குப் பயமாக இருந்தது. அன்று தம்பி மட்டும்தான் சாப்பிட்டான்.

பின்னேரம் வாப்பா சுகமான கையால் உம்மாவுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர ஒரு மாதம், பதில் வர ஒரு மாதம். பதிலுக்கு முன் வேறு கடதாசி வந்தது. உம்மாவின் இருதயம் நித்திரையில் நின்றுவிட்டதாம். அங்கேயே அடக்கிவிட்டார்களாம். மையத்து வராத வீட்டுக்கு ஊர் வந்து போனது. வாப்பா எழுதிய கடிதம் உம்மாவின் கைக்குக் கிடைத்ததா என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

அந்தப் பக்கத்தில் உம்மாவுடையதாக மிஞ்சியது, நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு இருந்த கடைசித் துண்டு மட்டும். "...அதுக்குப் பொறகு வந்திருவன். மூடிய மெதுவாத் தொறங்க, கையப் பாத்துக்கங்க."

எதற்குப் பிறகு? என் கலியாணத்துக்குப் பின் ஒருமுறை வாப்பாவிடம் துணிந்து கேட்டேன், அந்தப் பக்கத்தில் உம்மா என்னதான் சொன்னார் என்று. "உப்பு, புளிதான் மகள். வேற என்ன?" என்றார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மகளின் போனில் நாளுக்கு நூறு குரல்கள் வருகின்றன. கேட்டவுடன் அழித்துவிடுகிறாள். இடம் போதாதாம்.

உம்மா மௌத்தான பிறகும் வெள்ளிக்கிழமைகளில் வாப்பா பழு எலும்பு ஆக்கினார். ரேடியோவுக்கு ஓம் சொல்லவில்லை. முதல் பக்கம் முடிந்ததும் கசெற்றைத் திருப்பிப் போட்டுவிட்டு, தழும்பேறிய கையை மடியில் வைத்துக்கொண்டு, காதை ரேடியோவோடு ஒட்டி வைத்திருப்பார். எங்களை வெளியே போகச் சொல்வதும் நின்றுபோயிற்று. நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். என் குரல், விசில், தம்பியின் மூக்குறிஞ்சல். முடிந்ததும் சுற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போடுவார். என் பதிவுக்குக் கீழே அவர் வேறெதையோ தேடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வாப்பாவுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது என்று ஓதப்பள்ளியில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் பாவமாக இருந்தது. "வாப்பா, அது சத்தம் காணா. இன்னொருக்காப் பதிஞ்சு தரட்டா? இதவிட நல்லா?" என்று கேட்டேன்.

வாப்பா காதை எடுக்காமலே என் தலையைத் தடவினார்.

"ஓம் மகள்," என்றார். "பொறகு பாப்பம்."