சந்தனம் மறைத்த கூப்பன்

அத்தை கார் வாங்கிய முதல் வாரமே பார்க்கிங் அபராதச் சம்மன் வந்துவிட்டது, அதுவும் கோயில் வாசலில். இப்போதெல்லாம் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் காரை நிறுத்தினால் கைப்பேசியில் இரண்டு தட்டுத் தட்டிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு நடையைக் கட்டிவிடுகிறேன். அந்த நாளில் கூப்பன்தான். மாதம், தேதி, நேரம் மூன்றையும் காசால் சுரண்டி, வெளியே நிற்பவர் கண்ணில் படுகிற மாதிரி முன்கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். சுரண்டுகிற பொறுப்பை அன்று எட்டு வயதான என்னிடம் அத்தை ஒப்படைத்திருந்தார். பரீட்சை எழுதுகிற கவனத்தோடு சுரண்டினேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருவார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீடுவரை அப்பாவின் மோட்டார் சைக்கிள். தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து டிப்ளோமா முடிக்க வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. "ராத்திரி பத்து மணிக்கு எப்படி வருவ?" என்று அப்பா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை வாதாடவில்லை. காசு சேர்த்து, ஜுருவில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் நீல நிறத்தில் சின்னக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அப்பாவின் கேள்விக்கு அதுதான் பதில்.

புதுசோ பழசோ, கார் வாங்கினால் பூசை போடாமல் ஓட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சனிக்கிழமை காலை லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். கோயிலுக்குப் பக்கத்திலேயே கோடு போட்ட இடம் கிடைத்தது. நான் கூப்பனைச் சுரண்டி, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ரோடு டாக்ஸ் வில்லைக்குக் கீழே வைத்தேன். ஐயர் வெளியே வந்தார். அவருக்குக் கை தாராளம். முன்கண்ணாடியில் பட்டை பட்டையாகச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மேலிருந்து மாலையையும் தொங்கவிட்டார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். அத்தை காரை மெல்ல ஏற்றி நசுக்கிவிட்டு மறுபடி கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் தோசை சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் மாலைக்குப் பக்கத்தில் வைப்பரில் செருகியபடி சம்மன் இருந்தது. கூப்பன் வைக்கவில்லையாம்.

கூப்பன் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதற்கு நேர் மேலே ஐயரின் சந்தனமும் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார்.

"சாமி வாசல்லயே சம்மன். இந்தக் காடி நமக்கு ராசியில்ல. ஜுருக்காரன் ஒரு வாரத்துக்குள்ள திருப்பி எடுத்துக்கிறேன்னு சொன்னான்தானே, கொடுத்திடு."

"தப்பு செஞ்சிருந்தாத்தானே அண்ணே ராசி இல்லன்னு சொல்லணும்? நாமதான் கூப்பன் வச்சோமே. திங்கக்கெழம போயி சம்மனக் கேன்சல் பண்ணிட்டு வரேன்."

"கேன்சல் பண்ணிட்டா நீயே வச்சுக்க லா," என்றார் அப்பா. அவர் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் சம்மன் வந்தால் உடனே கட்டுகிறவர்கள் சிலர். தள்ளுபடி அறிவிக்கும்வரை ஊறப்போடுகிறவர்கள் மற்ற எல்லோரும். போய் ரத்துச் செய்துவிட்டு வந்தவரை யாரும் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கண்ணாடியைத் துடைக்கத் துணியோடு போனார். யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, வாடிய மாலையும் காய்ந்த சந்தனமுமாக, மிச்சமிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். கூப்பனைச் சுரண்டியவள் நான்தானே, சாட்சி வேண்டாமா?

சம்மன் கட்டுகிற கவுண்டரில் தூடோங் முக்காடு அணிந்த மலாய்க்கார அம்மா ஒருவர் இருந்தார். அத்தையின் வயதுதான் இருக்கும். சம்மனைப் பார்த்துவிட்டு, சின்னத் தொகைதான், இன்றே கட்டினால் குறைத்தும் தருவோம் என்றார். கட்ட வரவில்லை, ரத்துச் செய்ய வந்திருக்கிறேன் என்று அத்தை மலாயில் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"கூப்பன் இருந்ததற்கு அத்தாட்சி?"

"கார் கீழே நிற்கிறது. வந்து பாருங்கள்."

அந்த அம்மா என்ன நினைத்தாரோ, பக்கத்தில் இருந்தவரிடம் கவுண்டரை ஒப்படைத்துவிட்டு எங்களோடு இறங்கி வந்தார். கூப்பனை முன்பு வைத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். நான் ரோடு டாக்ஸ் வில்லைக்குக் கீழே அசையாமல் வைத்தேன். அவர் வெளியே நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், மாலையை ஒதுக்கியும் பார்த்தார். சந்தனத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. தூடோங்கின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு அத்தையிடம், இந்தச் சின்னத் தொகைக்கா ஒருநாள் லீவு போட்டு வந்தீர்கள், கட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்டார்.

அத்தை நிதானமாகச் சொன்னார். கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகும். இந்தக் காருக்கு ராசியில்லை, திருப்பிக் கொடு என்று அண்ணன் சொல்கிறார். கார் போனால் மாலை வகுப்பும் போய்விடும்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. காரையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாய புன் அட அபாங்," என்றார். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அந்த மலாய் நன்றாகப் புரிந்தது. பார்க்கிங் சம்மனுக்கு நடுவில் அண்ணனைப் பற்றி ஏன் பேசுகிறார் என்பதுதான் புரியவில்லை. அவர் மேலே போய், உள்ளறையில் பெரிய அதிகாரியிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ரத்து என்று முத்திரை குத்திக் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பி வரும்போது, "அத்தே, அவங்க அண்ணனோட காடிக்கும் சம்மன் வந்திச்சா?" என்று கேட்டேன். அத்தை சிரித்த சிரிப்பில் சமிக்ஞை விளக்கு பச்சையானதைக் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டில் அப்பா முத்திரை குத்திய சம்மனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நகராண்மைக் கழகத்தையே ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பில் இருந்தேன் நான். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன், அந்த அம்மாவுக்கும் ஒரு அண்ணன் இருப்பதையும் சேர்த்து.

"அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா. அத்தை உங்களப் பத்திச் சொன்னதும் அப்படிச் சொன்னாங்க."

அப்பா எழுந்து, வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அத்தை இந்த முறை தடுக்கவில்லை. முன்கண்ணாடியை அவர் மூலைமுடுக்கு விடாமல் கழுவித் துடைத்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். சந்தனம் காய்ந்துபோய்விட்டதால்தான் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.