ஸ்டேஷன் வாசலில் ஒரு கல்

கோவில்பட்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறேன். ராத்திரி பெய்த மழையில் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓட்டப்பிடாரம் பஸ்ஸுக்கு இனி பஸ் ஸ்டாண்டுவரை நடக்க வேண்டும். அதற்குள் பஸ் போய்விடுமோ என்று ரயிலிலேயே மணி பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

வாசலில் ஒரு டீக்கடை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அளவுக்கல் நிற்கிறது. மூச்சு வாங்க, பையை அதன்மேல் சாய்க்கிறேன்.

"அண்ணாச்சி, கல்லைத் தொடாதீங்க!" கடைக்கார அம்மா டீ வடிகட்டியோடு ஓடி வருகிறார். "ஸ்டேஷன் வாசலுக்கே பஸ் வரப்போவுதாம். அதுக்கு சர்வேக்காரவிய நட்ட கல்லு. இதுக்கு இங்கிட்டு உள்ளதெல்லாம் இடிபடும். என் கடையுந்தான்."

"பஸ் இங்கே வந்தால் நல்லதுதானே?" வாய் தவறிக் கேட்டுவிடுகிறேன்.

"உங்களுக்கு நல்லது. எனக்கு மாத்து இடம் தாரோம்னுருக்காவ. கல்லு அசைஞ்சிருந்தா அதுவும் கிடையாதாம். இந்த மண்ணு மழைக்கு ஊதுது, வெயிலுக்கு வெடிக்குது, கல்லு தானா சாயுது. நான் தள்ளிவிட்டேன்னுல்லா சொல்லுவாவ! இன்னைக்குப் பாக்க வாராவ."

கல் சாய்ந்துதான் இருக்கிறது. நான் நிமிர்த்திப் பிடிக்க, அவர் செங்கல் துண்டுகளை அடியில் சொருகி மிதிக்கிறார்.

"என் கடையை இடிக்கப்போற கல்லுக்கு நானே முட்டுக் குடுக்கேன், பாத்தீங்களா?" என்று சிரிக்கிறார். "போதும், விடுங்க. பஸ் போயிரும்."

போய்விடும்தான். கையை எடுத்தால் கல் சாய்ந்துவிடுமோ என்று பிடித்தபடியே நிற்கிறேன்.