சித்தியின் கைக்கு வந்த கிளி

சித்தியின் இரண்டு கைகளிலும் தழும்புகள் உண்டு. நீளமாக இருப்பவை இஸ்திரிப் பெட்டி சுட்டவை. வட்டமாகக் குழிந்திருப்பவை துரை கடித்தவை. துணி தேய்க்கக் கொண்டுவருகிறவர்கள் கேட்டால் எல்லாமே சூடு என்று சொல்லிவிடுவாள். ஒரு கிளியிடம் தோற்றுப்போனதைத் தெரு முழுக்கச் சொல்ல வேண்டுமா என்பது அவள் கணக்கு.

துரை சித்தப்பாவின் கிளி. கல்யாணத்துக்கு முன்பு அவர் தனி அறையில் இருந்தபோதே வளர்த்தது. வயது இருபத்தெட்டு. "மாமியார் இல்லாத வீடுன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தாங்க. கூண்டுக்குள்ள இருந்ததை யாரும் சொல்லலை" என்பாள் சித்தி.

சித்தப்பா பஸ் கண்டக்டர். அவர் ஊதும் விசிலை அச்சு அசலாகத் துரையும் ஊதும். சித்தி அறைக்குள் வந்தால், டிக்கெட் வாங்காத ஆளிடம் சொல்வதுபோல "இறங்கு, இறங்கு" என்னும். சித்தப்பா தோளில் மட்டும் சாதுவாக உட்கார்ந்து அவர் காது மடலைக் கோதிக்கொண்டிருக்கும். தண்ணீர் மாற்ற சித்தி கையை விட்டால் கடி. அதற்கென்றே தன் இஸ்திரிக் கடையிலிருந்து ஒரு ஸ்பிரே பாட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள். கடித்த கையை உதறிக்கொண்டே, புத்தி வரட்டும் என்று நாலு தடவை அதன் மேல் பீய்ச்சுவாள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷமாக இது நடந்தது. அதற்குப் புத்தி வரவில்லை.

போன வருஷம் சித்தப்பாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நாளிலிருந்து நான் சித்தியின் கடையில் துணி மடிக்கிறேன். மத்தியானங்களில் அவள் தேய்க்க, நான் அவர்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்குப் போய்ச் சித்தப்பாவைப் பார்த்துக்கொள்வேன். அவர் கால்மாட்டில் கூண்டை மாட்டியிருந்தார்கள். நாள் முழுக்க அவர் கண் அதன் மேல்தான். மருந்து கொடுக்கும்போதுகூட என் தோளுக்கு மேலாக அதைத்தான் பார்ப்பார்.

தன் ஆள் பேசுவதில்லை, கூண்டைத் திறந்து விடுவதில்லை என்றானதும் துரை அலற ஆரம்பித்தது. விடிந்ததும் விசில். நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கிப் போட்டது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா மரியாதையாகவே வந்து சொன்னார். உங்கள் நிலைமை புரிகிறது, ஆனால் என் தலையும் ஒரு தலைதானே என்றார். அடுத்த மாதக் கடைசிக்குள் கிளியை எங்காவது விட வேண்டும், இல்லையென்றால் வேறு வீடு பார்க்க வேண்டும்.

சித்தி அதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. சித்தி முந்தானையால் துடைத்தாள்.

"எங்கேயும் அனுப்பலை. அதுகிட்ட நானே பழகிக்கறேன். உங்களோடயே பழகிட்டேன், இது என்ன பெரிசு?"

அவர் வாயின் இடது ஓரம் கொஞ்சம் அசைந்தது.

மிளகாய் கொடுத்துப் பார்த்தாள். கொய்யாப்பழம் கொடுத்துப் பார்த்தாள். ராஜா, தங்கம் என்று கொஞ்சிப் பார்த்தாள். அது கடித்தது, இவள் பீய்ச்சினாள். இரண்டு வாரம் போனதுதான் மிச்சம். கடைசியில் கூண்டைத் துணியால் மூடி, கால்நடை ஆஸ்பத்திரிக்கு நானும் அவளும் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. எப்போது குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டார். குளிப்பாட்டுவதே இல்லை, கடித்தால்தான் தண்ணீர் அடிப்பேன் என்றாள் சித்தி. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கிளிக்குத் தண்ணி தெளிச்சா கொண்டாட்டம்மா. கடிச்சா குளியல் கிடைக்கும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்திருக்கீங்க."

மறுநாள் காலையில், கையை உள்ளே விடாமல், மழை மாதிரி மேலிருந்து மெதுவாகத் தெளித்தாள். துரை இரண்டு இறக்கைகளையும் விரித்து, தலையைக் கவிழ்த்து, கம்பியில் இப்படியும் அப்படியும் ஆடியது. சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பத்தாம் நாள் அவள் கையிலிருந்து மிளகாய் வாங்கியது. இருபதாம் நாள் மணிக்கட்டில் ஏறியது. மாதம் முடிவதற்குள் அவள் தோளில் உட்கார்ந்து கொண்டை ஊசியை உருவ ஆரம்பித்தது. விடியற்காலை விசில் நின்றது. வீட்டுக்கார அம்மா தானாக மேலே வந்து, கிளி இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இருங்கள், இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சித்தி குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, துரையைக் கையில் ஏந்தி வந்து சித்தப்பாவின் நெஞ்சில் விட்டாள். எட்டு மாதமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான். இடது கையை மெல்ல, மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். துரை அந்தக் கையைத் தலை சாய்த்துப் பார்த்தது. கடித்தது. ரத்தம் வருகிற மாதிரி இல்லை. ஆனால் கடித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது அவர் மேலேயே நடந்து, தோள் வழியாகச் சித்தியின் புடவையைப் பற்றி ஏறி, அவள் கழுத்தோரம் ஒண்டிக்கொண்டது.

"சனியனே, உன் ஆள் அவர்டா. நான் இல்லை" என்றாள் சித்தி. சித்தப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். வயதான கிளி ஒரே ஆளைத்தான் வைத்துக்கொள்ளும், யார் என்று நாம் சொல்ல முடியாது, நீங்கள் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்தால் ஒருவேளை பழைய ஆளிடம் போகலாம் என்றார். ஒருவேளை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

அதனால் இப்போது குளியல், தீனி எல்லாம் என் பொறுப்பு. சித்தி கடையிலிருந்து வரும்போது செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, படியில் சத்தம் வராமல் ஏறி, நேரே சமையலறைக்குள் போய்விடுகிறாள். குரல் கேட்டால் துரை கூப்பிடும் என்பதால் என்னிடம்கூடச் சைகைதான். சித்தப்பாவுக்கு அவள் வந்துவிட்டது தெரியும். ஆனால் கிளிக்குத் தெரியக் கூடாதென்று அவரையும் அவள் போய்ப் பார்ப்பதில்லை. கூண்டை மூடிய பிறகுதான் போவாள். முன்பெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் யார் வந்தார்கள், எந்தச் சட்டையில் என்ன கறை என்று ஒன்று விடாமல் சொல்வாள். இப்போது அதுவும் இல்லை.

மாலையில் நான் கூண்டைத் திறந்து வைத்து, சித்தப்பாவின் இடது உள்ளங்கையில் ஒரு பச்சை மிளகாயை வைக்கிறேன். அவர் கையை நீட்டிக்கொண்டு இருப்பார். துரை அவரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை சோர்ந்து மிளகாய் கீழே விழும். நான் எடுத்து மறுபடி வைப்பேன். ஒரு மணி நேரம் இப்படி. சமையலறையிலிருந்து சித்தி புருவத்தைத் தூக்கிக் கேட்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவள் குனிந்து வெங்காயம் உரிக்கத் தொடங்குவாள்.